நட்டுவை சிக்ஸ் அடித்தவர்

தாரமங்கலம், எடப்பாடி, ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் நாற்பதை நெருங்கும் யாரிடமாவது கிரிக்கெட் வீரர் நடராஜன் பேச்சை எடுத்துப் பாருங்கள். "யாரு, நம்ம நட்டுவா? நல்ல பையன். அவன் பந்துல நான் சிக்ஸ் அடிச்சிருக்கேன்" என்பார். இவர்கள் அடித்ததாகச் சொல்லும் சிக்ஸர்களையெல்லாம் கூட்டினால், சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயது வரைக்கும் ஒரு பந்தைக்கூடத் தரையில் குத்தியிருக்க வாய்ப்பில்லை.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் அண்ணன்.

அண்ணன் அடித்த சிக்ஸ் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது விழுந்த இடம் ஊருக்கு ஊர் மாறும். தாரமங்கலத்தில் சொல்லும்போது குச்சிக்கிழங்குக் காட்டில் விழுந்தது. ராசிபுரத்தில் சொல்லும்போது கோழிப்பண்ணை ஓட்டைப் பிரித்துக்கொண்டு போய் இரண்டு அட்டை முட்டையை உடைத்தது. நாமக்கல் பாடி கட்டும் பட்டறையில் சொல்லும்போது, ரோட்டில் போன லோடு லாரியின் தார்ப்பாயில் விழுந்து அப்படியே நாக்பூருக்குப் போய்விட்டது. "பந்து கெடைக்கலைன்னா மேட்ச் என்னண்ணா ஆச்சு?" என்று ஒரு பையன் கேட்டான். "நின்னு போச்சு. அதான் ஸ்கோர்ல ஏறல" என்றார் அண்ணன். அத்தனை ஓட்டையையும் ஒரே பதிலில் அடைத்துவிட்டார்.

வாயால் சொல்வதோடு விடுவதில்லை. தட்டுவடை செட் கடையில் தட்டு வந்ததும் மேல்தட்டுவடையைத் தூக்கி, துருவிய பீட்ரூட்டை ஓரமாக ஒதுக்குவார். கீழ்த்தட்டுவடைதான் கிரீஸ். அதன் விளிம்பில் சுண்டுவிரலை ஊன்றி, "இங்க குத்துச்சு. சுத்தமான யார்க்கர். வேற எவனா இருந்தாலும் ஸ்டம்பு பறந்திருக்கும்" என்பார். பிறகு இடது காலை நகர்த்தி, கையில் இருக்கும் தட்டுவடையை மட்டையாக வீசிக் காட்டுவார். பக்கத்தில் நிற்பவர் சட்டையில் பச்சைச் சட்னி தெறிக்கும். கடைக்காரர் பேப்பர் எடுத்துக் கொடுப்பார், பழகிவிட்டது.

சிக்ஸ் முடிந்ததும் வழக்கு ஆரம்பம். நடராஜனுக்குக் கிடைத்த பேர் தகுதியான பேர்தானா?

"ஒரு டெஸ்ட், ரெண்டு ஒன்டே, நாலு டி20. ஏழே மேட்சு. இதுக்கா சாரட்டு வண்டி, ஊர்வலம்?" என்பார். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியவரை ஊரே கூடி ரதத்தில் ஏற்றி அழைத்துவந்தது அண்ணனுக்கு இன்னும் செரிக்கவில்லை. பிரிஸ்பேன் டெஸ்டில் எடுத்த மூன்று விக்கெட்டையும் ஒவ்வொன்றாக உரித்துப் போடுவார். லபுஷேன்? "108 அடிச்சு களைச்சுப் போயிருந்தான்." மேத்யூ வேட்? "அவசரக்காரன்." ஹேசல்வுட்? "கடைசி ஆளுங்க அவன்." 2020 ஐபிஎல் எலிமினேட்டரில் யார்க்கரில் ஸ்டம்பைப் பறிகொடுத்த டிவில்லியர்ஸ்? "வயசாயிருச்சு." ஆகமொத்தம், நடராஜன் பந்துவீசிய காலத்தில் நல்ல ஃபார்மில் இருந்த ஒரே பேட்ஸ்மேன் அண்ணன்தான்.

ஆனால் இதையே வெளியூர்க்காரர் சொல்லிவிட்டால் போச்சு. பெங்களூரிலிருந்து வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "2025 ஐபிஎல்-ல டெல்லி 10.75 கோடி கொடுத்தாங்க, ரெண்டு மேட்ச்தான் ஆடினார். சும்மா கட்டிவிட்ட பேரு" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். தர்மபுரி தாண்டி ஆரம்பித்த அண்ணன் ஓமலூர் வரைக்கும் நிறுத்தவில்லை. நெட் பவுலராகக் கூட்டிப்போன ஆள். பிறந்த குழந்தை முகத்தைக்கூடப் பார்க்காமல் ஐபிஎல் முடிந்து நேரே ஆஸ்திரேலியா போன ஆள். டிசம்பர் 2-ல் ஒன்டே, 4-ல் டி20, ஜனவரி 15-ல் டெஸ்ட். ஒரே டூரில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். 2021 மார்ச்சில் புனேயில் கடைசி ஓவர், இங்கிலாந்துக்கு 14 ரன் வேண்டும், எதிரே சாம் கரண் 95-க்குப் பக்கத்தில் நிற்கிறான். கொடுத்தது ஆறு ரன். "அதுதாங்க அவனோட கடைசி இன்டர்நேஷனல் மேட்சு. அடுத்த மாசம் முட்டியில ஆபரேஷன். திரும்பி வந்து ஐபிஎல்-ல 2022-ல 18 விக்கெட், 2024-ல 19. கூப்பிடாதது யாரு தப்புங்க?"

சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. விசைத்தறிக் கூலிக்காரர் மகன், அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கறி விற்றவர் என்று அவர் சொன்னபோது பக்கத்து சீட்டுக்காரர் மன்னிப்பே கேட்டுவிட்டார். அந்த இடத்தில் அண்ணனைப் பிடிக்காமல் போகாது. இறங்கும்போது படியில் நின்று, "அப்பேர்ப்பட்டவன் பந்துலதாங்க நான்..." என்று திரும்பினார். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்தவர் ஒரு பெயரை மட்டும் சொல்வதே இல்லை: ஜெயப்பிரகாஷ். அதே ஊர், அதே டென்னிஸ் பந்து. நடராஜன் கையில் இருந்த சரக்கை அவரும்தான் பார்த்தார். பார்த்தவர் சென்னைக்குக் கூட்டிப்போய் லீக் கிரிக்கெட்டில் சேர்த்துவிட்டார். 2015-ல் ரஞ்சியில் இறங்கியதும் பந்தை எறிகிறார் என்று புகார் வந்து, வீச்சையே மாற்றிக்கொள்ள வேண்டிவந்த காலத்திலும் கூட நின்றார். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலைக்காரரைப் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. ஐபிஎல் சட்டையில் 'ஜேபி நட்டு' என்று நடராஜன் போட்டுக்கொண்டதும், மஹிந்திரா பரிசாகத் தந்த தார் வண்டியை ஜெயப்பிரகாஷுக்கே கொடுத்ததும் அவர் அப்படிக் கூட நின்றதனால்தான். அண்ணனும் அதே பந்தைப் பார்த்தவர்தான். அவர் எடுத்துக்கொண்டது ஒரு சிக்ஸ்.

சின்னப்பம்பட்டியில் நடராஜன் கட்டிய மைதானத்தை 2023-ல் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். அதைப் பற்றி அண்ணன் கருத்து: "பவுண்டரி ரொம்ப தூரம்."

பொங்கல் டோர்னமென்டில் இப்போது மைக் அண்ணன் கையில். ஒல்லியாக ஒரு இடது கைப் பையன், காலில் செருப்புகூட இல்லை, தொடர்ந்து மூன்று பந்தை மட்டைக்கு அடியில் இறக்கினான். மூன்றுக்கும் அண்ணன் தன் கதையைத்தான் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் அவர் பைக் நிற்கிறது. சின்னப்பம்பட்டி மைதானம் அரை மணி நேரம். கூட்டிப்போய், "இவனைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். அவர் போகமாட்டார். போகச்சொல்லி கமிட்டிக்காரர்களும் கேட்பதில்லை. அடுத்த வருஷ நோட்டீஸிலும் வர்ணனை என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் போடுவார்கள்.