உப்புக்காற்றில் கேமிங் பெட்டி: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

வெளிநாட்டுச் சரக்கைப் பார்த்துப் பார்த்து வாங்கும் பழக்கம் புதுச்சேரிக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். 1945இல் தொல்லியலார் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாட்டு ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றில் திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் வந்தன என்பதை அறிஞர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அந்த ஜாடியை வாங்கியவர் யாரைக் கேட்டு வாங்கினார், வாரன்டி உண்டா என்று விசாரித்தாரா, வீட்டில் என்ன விலை சொன்னார் என்பவற்றை எவரும் ஆராயவில்லை. கேமிங் கம்ப்யூட்டர் விஷயத்திலும் வருங்காலத் தொல்லியலார் இப்படித் திண்டாடக்கூடாது என்பதால் இந்த ஆராய்ச்சியை மேற்கொள்கிறோம்.

நம் துணிபைச் சொல்லிவிடுகிறோம். பாகங்களை ஒப்பிட்டு எழுதும் வெளிநாட்டு நிபுணர்கள் குளிரூட்டிய அறையில் சோதித்து எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் கிராபிக்ஸ் கார்டில் தொடங்கி, கையில் மிஞ்சியதற்கு எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கியும் கேபினெட்டும் வாங்குகிறார்கள். புதுச்சேரியில் இது தலைகீழ்ப் பாடம். இங்கே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் கேபினெட்டிலும் தொடங்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு கடைசியில் வந்தால் போதும்.

இக்கொள்கைக்கு எதிரிகள் பலர். அவர்களில் எண்ணிக்கை மிகுந்தவர்கள் வெளிச்ச மதத்தார். பெட்டிக்குள் எத்தனை விசிறி சுழல்கிறது என்பதைவிட எத்தனை நிறத்தில் சுழல்கிறது என்பதே இவர்களுக்கு முக்கியம். “தம்பி, முன்னாடி முழுக்க கண்ணாடி, லைட்டு சும்மா தகதகன்னு இருக்கும்” என்று கடைக்காரர் சொன்ன மாத்திரத்தில் தீட்சை முடிந்துவிடும். அந்தக் கண்ணாடி வழியாகக் காற்று போகாதே என்று கேட்பவன் நாத்திகன். அடுத்தவர்கள் ரிச்சி தெரு சம்பிரதாயத்தார். சென்னைக்குப் போய் வாங்கினால்தான் பொருள் அசல் என்பது இவர்கள் நம்பிக்கை. மிச்சம் பிடித்ததில் பஸ் கட்டணத்தையும் வழிச்சாப்பாட்டையும் கழித்துப் பார்க்கும் வழக்கம் இவர்களிடம் இல்லை.

மதர்போர்டை அறிய ஆனந்தரங்கப் பிள்ளையை அறிந்திருந்தால் போதும். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய அந்த மனிதர் கவர்னர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷி. கவர்னர் சொன்னது வியாபாரிகளுக்கும், வியாபாரிகள் சொன்னது கவர்னருக்கும் அவர் வழியாகத்தான் போகும். பெட்டிக்குள் போர்டு பார்ப்பது அதே உத்தியோகம். ஆனால் பிள்ளை பலரோடும் பேசத் தெரிந்தவர். போர்டுக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஏ.எம்.4 வகைப் போர்டு ஏ.எம்.4 பிராசசரோடு மட்டுமே பேசும். அந்தப் பிராசசருக்கு அடிவயிற்றில் 1331 ஊசி. ஏ.எம்.5 வகையில் ஊசிகள் போர்டின் குழிக்கு இடம் மாறிவிட்டன, அங்கே 1718. ரேம் வகைகளான டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்குமே 288 தொடுமுனைதான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு சற்றே தள்ளியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. அழுத்தினால் உட்காரும் என்பது ஒரு காலத்துக் கருத்து. அதை நிரூபிக்க முயன்றவர்களிடம் இப்போது போர்டு இல்லை.

ரேம் இரண்டாக வாங்கினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகுவது நான்கு இடமுள்ள பெரும்பாலான போர்டுகளில் முறை. இன்டெல் பிராசசரின் பெயர் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி இல்லை என்று பொருள். கார்டு அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று இதை எடுத்தவர்கள் ஒரு மாதம் கறுப்புத் திரையைத் தரிசித்திருக்கிறார்கள்.

இனி எஸ்.எம்.பி.எஸ். இதன் தத்துவம் கூட்டல் கணக்கு. ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட் இழுக்கும். நடுத்தரப் பிராசசர் 90 வாட் வரை போகும். விசிறி, டிஸ்க், போர்டு எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 போட்டாலும் 270ஐத் தாண்டாது. நல்ல 550 வாட் போதும். ‘நல்ல’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் 450 என்று ஒட்டியிருப்பது அதன் திறன் அன்று, அதன் ஆசை. கையில் எடுத்துப் பார்த்தால் காலி டப்பாவைப் போல லேசாக இருக்கும். மழைக்கால மாலையில் கரண்ட் போய், வந்து, மறுபடி போய், பிறகு கூடுதல் வோல்டேஜோடு ஆவேசமாக வரும்போது அது தான் மட்டும் போவதில்லை. போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஆர்.டி.எக்ஸ். 5090 என்ற கார்டு தனியாகவே 575 வாட் கேட்கும். அதை வாங்க எண்ணுபவர் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை. அவர் தனியாக ஒரு மின் இணைப்புக்கு விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

வரியைப் பற்றி அதிகம் ஆராய ஒன்றுமில்லை. கோரிமேட்டைத் தாண்டினால் மதுவுக்கும் பெட்ரோலுக்கும் விலை மாறும். கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு பக்கமும் அதே 18 சதவீத ஜி.எஸ்.டி.தான். இதை ஒரு யூனியன் பிரதேசத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே கருதுகிறோம்.

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு மூலாதாரம் பாரீஸ் மாமா. தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரராக, இருந்த வீட்டில் யாராவது ஒரு மாமா பிரான்சில் இருப்பார். அவர் ஊருக்கு வரும்போது சீஸ், சென்ட் பாட்டிலோடு மருமகனுக்கு ஒரு கேமிங் கீபோர்டும் கொண்டுவருவார். அது பிரெஞ்சு கீபோர்டு. நம் கீபோர்டில் கியூ இருக்குமிடத்தில் அதில் ஏ. டபிள்யூ இருக்குமிடத்தில் இசட். முன்னே போக டபிள்யூ, இடப்பக்கம் நகர ஏ என்று உலகம் முழுக்கப் பழகிய விளையாட்டில் நம் பையன் முன்னே போக விரலைக் கீழ் வரிசைக்கும், இடப்பக்கம் நகர மேல் வரிசைக்கும் அனுப்புகிறான். விரல்கள் பின்னிக்கொண்ட நேரத்தில் எதிரி சுட்டுவிடுகிறான். விண்டோஸில் லேஅவுட்டை இங்கிலீஷுக்கு மாற்றி வைத்தால் விரல் பிழைத்துவிடும். கட்டையில் அச்சிட்ட எழுத்து மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். “என்ன மாமா இது” என்று கேட்கவும் முடியாது. அடுத்த முறை ஹெட்போன் வர வேண்டும்.

கடைசியாக, ஆய்வின் உயிர்நிலையான காற்று. சாதாரணக் கூலர் எதுவும் அறையின் சூட்டுக்குக் கீழே பிராசசரைக் குளிர்விக்காது. நிபுணர் 22 டிகிரியில் சோதித்து 70 என்று எழுதியது, அக்னி நட்சத்திரத்தில் முத்தியால்பேட்டை மாடியறையில் 36 டிகிரியில் 84ஐத் தொடும். ஆகவே முன்பக்கம் கண்ணாடி வேண்டாம். வலை போட்ட கேபினெட்டே சித்தாந்தம். அதையும் தரையில் வைக்கக்கூடாது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது ரெயின்போ நகர் வீடுகளுக்குள் நுழைந்த தண்ணீர், எது வாரன்டியில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

சூட்டைவிட உப்பு பொல்லாதது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையும். குருசுக்குப்பத்தில் விடியற்காலை ஈரம் அந்த அளவைத் தாண்டுவது வாடிக்கை. தூசியோடு சேர்ந்து போர்டில் படிந்த உப்பு இப்படிக் கசிந்து செம்பை அரிக்கும், ரேமின் தொடுமுனையில் மங்கலாகப் பூக்கும். பெட்டி உயிரோடிருக்கும், டிஸ்பிளே மட்டும் வராது. மெக்கானிக் வந்து ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அந்தத் தங்க நிற முனையை நாலு தேய் தேய்த்து, ஊதிவிட்டுச் செருகுவார். திரை எரியும். பீஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஓடும் பெட்டி சூடாக இருப்பதால் உள்ளே ஈரம் தங்காது; அணைத்து மூடிவைத்த பெட்டியில்தான் இந்தக் கசிவு மிகுதி. பிளஸ் டூ பரீட்சைக்காக இரண்டு மாதம் போர்வை போர்த்திவைக்கும் வழக்கம் அறிவியலுக்கு விரோதமானது என்பது இதனால் பெறப்படும். இம்முடிவை ஒரு மாணவன் தன் தாயாரிடம் முறைப்படி சமர்ப்பித்தான்.

“அப்படியா? தினம் காலையில அரைமணி நேரம் நானே ஆன் பண்ணி வைக்கிறேன். நீ போய்ப் படி.”

இந்த மறுப்புக்கு நம்மிடம் பதில் இல்லை. ஆராய்ச்சி தொடர்கிறது.