திரையன் நாட்டில் இடி இடிப்பதில்லை: கடலோர நடை பற்றிய ஒரு சிற்றாய்வு

வட தமிழகக் கடலோரத்தில் நாள்கணக்கில் நடக்க எண்ணுபவர் முதலில் படிக்க வேண்டிய வழிநூல்கள் இரண்டு. ஒன்று 269 அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படை. இன்னொன்று 500 அடிகள் கொண்ட பெரும்பாணாற்றுப்படை. பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழி சொல்லும் பாட்டுகள் என்று பள்ளியில் இவற்றைப் படித்துவிட்டு மூடிவைத்துவிடுகிறோம். வழி சொல்கிறார்கள் என்றால் அந்த வழியில் நடந்து பார்ப்பதுதான் முறை.

சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆலம்பரைக் கோட்டை இருக்கும் கடப்பாக்கம் பக்கம், ஒரு புறம் கழியும் மறு புறம் கடலுமாகக் கிடக்கும் அதே நிலம். ஆகவே இந்தக் கரையைப் பற்றி அவர் சொல்வது உள்ளூர்க்காரரின் சொல். அவர் தூரம் சொல்வதில்லை, நாள் கணக்கும் தருவதில்லை. எந்த ஊரில் யார் என்ன சோறு போடுவார்கள் என்று சொல்கிறார். மரக்காணம் என்று கருதப்படும் எயிற்பட்டினத்தில் நுளைமகள் வடித்த பழந்தேறலும் சுட்ட குழல்மீனும். வேலூரில் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும். ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டுக் கலவையும். பட்டினத்தில் அடுப்பெரிக்கும் விறகுகூட அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைதான். படுத்துறங்கும் ஒட்டகங்களைப் போல அவை கிடக்கும் என்கிறார் புலவர். காற்றும் கடலும் கொந்தளித்த பிறகுதான் கரையில் அப்படிக் கட்டை ஒதுங்கும். புயலடித்த கரையில் மறுநாள் என்ன கிடைக்கும் என்பதும் வழிநூலில் இருக்க வேண்டிய செய்திதான்.

காஞ்சிக்கு வழி சொல்வது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. கடுங்கோடையில் தொடங்கும் அந்தப் பாட்டு, உப்பு வண்டிகளையும் மிளகுப் பொதி சுமந்த கழுதைகளையும், வில்லேந்தியவர் காவல் காக்கும் சுங்கப் பெருவழியையும் கடந்து, கலங்கரை விளக்கம் எரியும் நீர்ப்பெயற்றுத் துறைக்கு வருகிறது. அந்தத் துறை மாமல்லபுரம் என்பாரும் உண்டு, பாலாற்று முகத்துவாரம் என்பாரும் உண்டு. எதுவானாலும் அங்கிருந்து தென்னந்தோப்புகள் வழியாகத் திருவெஃகா, பிறகு காஞ்சி. இன்றைய சாலைக் கணக்கில் மாமல்லபுரத்திலிருந்து காஞ்சிபுரம் சுமார் 65 கிலோமீட்டர்.

இந்தப் பாட்டின் தொடக்கப் பகுதியில் ஒரு வானிலைச் செய்தி இருக்கிறது. பாட்டுடைத் தலைவனான தொண்டைமான் இளந்திரையனின் நாட்டில் வழிப்பறி இல்லை, இடி உறுமாது, பாம்பு தீண்டாது, காட்டு விலங்கு துன்புறுத்தாது என்று புலவர் உறுதி தருகிறார். செங்கோலைப் புகழ்வதற்கான மிகை என்று இதைத் தள்ளிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இந்தப் பக்கத்து வானத்தைப் பார்த்தவர் எவரும் இடி இல்லை என்று சொல்லத் துணியமாட்டார். ஜூன் முதல் செப்டம்பர் வரை, பகல் வெயிலில் கொதித்த உள்நாட்டின் மேல் கடற்காற்று வந்து மோத, மாலையில் மேகம் திரண்டு, காஞ்சிபுரத்தில் இடித்துக் கொட்டிவிட்டு, இரவில் கரை நோக்கி நகரும். அக்டோபருக்குப் பிறகு திசை மாறிவிடும். மழை கடலிலிருந்து வரும், பெரும்பாலும் இரவிலும் விடியலிலும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்றுவிட்டதில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அது சிறுபாணன் நடந்த நாடு.

ஆகவே புலவர் சொன்னது வானத்தைப் பற்றி இல்லை. கள்வர், இடி, பாம்பு, விலங்கு ஆகிய நான்கும் ஒண்ட இடமில்லாமல் இரவில் வெளியே கிடப்பவனைத்தான் தாக்கும். பட்டியலை முடித்த கையோடு, களைத்த இடத்தில் இளைப்பாறு, விரும்பிய இடத்தில் தங்கு என்கிறார் அவர். கூரையும் சோறும் வழி நெடுகக் காத்திருந்தால் இடி உறுமினாலும் நடப்பவனுக்கு அது உறுமாததுதான். நான் படித்த வழிநூல்களில் வானிலையை இவ்வளவு சரியாகக் கையாண்டது வேறில்லை.

இன்று அந்தக் கூரைதான் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகளுக்குக் குறைவில்லை, அவை காரில் வருபவருக்கானவை. கல்பாக்கத்தில் அணுமின் வளாகம் இருப்பதால் கரையை விட்டு உள்ளே சுற்றித்தான் போக வேண்டும். வெட்டவெளி மணலில் இடி பிடித்துக்கொண்டால், அங்கே உயரமாக நிற்பது நடப்பவர் மட்டும்தான். மீனவர் குப்பங்களில் கேட்டால் இடம் தருவார்கள்; ஆனால் கேட்டுப் பெறுவது வேறு, இருக்கிறது என்று தெரிந்து நடப்பது வேறு.

காஞ்சியில் இந்த ஏற்பாடு முழுதும் அழிந்துவிடவில்லை. மாட்டுப் பொங்கலன்று வரதராஜப் பெருமாள் வேட்டைத் திருவிழாவான பார்வேட்டைக்குப் பழையசீவரம் போகிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்கு எதிர்க்கரை அது. வழியில் ஊருக்கு ஊர் மண்டகப்படி. நிழல், நிவேதனம், சற்று இளைப்பாறல். பாணனுக்குச் சொன்ன அதே ஏற்பாடு பெருமாளுக்கு இன்றும் நடக்கிறது. அந்த மண்டபங்களையும் பாழடைந்து கிடக்கும் சத்திரங்களையும் செப்பனிட்டு, ஆண்டு முழுதும் நடப்பவருக்குத் திறந்துவைத்தால் பாலாற்றை ஒட்டிக் கடல்வரை ஒரு நடைவழி உருவாகும். அறநிலையத் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம்.

அதுவரை நடப்பவர் தை, மாசியில் நடக்கலாம். மற்ற மாதங்களில் காஞ்சிபுரத்தை நெருங்கும்போது நெசவாளர் தெருவைப் பார்த்தால் போதும். தறிக்குழியில் நீர் ஊறும் காலத்தையும், நெசவுக்கு நீட்டிய பாவு நூல் நனைந்தால் வரும் நட்டத்தையும் அறிந்தவர்கள் அவர்கள். வானம் நம்பத் தகாத நாளில் தெருவில் பாவு நீட்டமாட்டார்கள். பாவு கண்ணில் படாவிட்டால் நடையை எட்டிப் போட்டு, பாணனை இளைப்பாறச் சொன்ன திருவெஃகாவுக்கு மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.