பெயின்ட் மறைக்காது, காட்டிக்கொடுக்கும்!

கேள்வி: விமான மாடல் கிட்டை ஒட்டி முடித்த அன்றைக்கே பெயின்ட் அடித்தால் என்ன?
- பிளஸ் டூ மாணவர், தென்னூர்

பதில்: அவசரக் கோலம் ஆகிவிடும். கிட்டில் சொல்லியிருக்கும் சிமென்ட் பசை, பிளாஸ்டிக்கை இளக்கித்தான் சேர்க்கிறது. அது மறுபடி இறுக ஒரு முழு நாளாவது வேண்டும். இளகியிருக்கும்போதே தேய்த்து மட்டமாக்கினால், நாலைந்து நாளில் இணைப்பு உள்வாங்கி, முதுகு நெடுக ஒரு பள்ளம் விழும். அதற்குள் பெயின்டும் அடித்திருப்பீர்கள். பிறகு எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியதுதான்.

கேள்வி: சிமென்ட் எதற்கு? பெவிகால் போதாதா?
- வாசகி, உறையூர்

பதில்: உடலுக்குப் போதாது, கண்ணாடிக்குப் போதும். பெரும்பாலான கிட்கள் பாலிஸ்டைரீன். பெவிகால் அதன் மேல் காய்ந்து உட்காருமே தவிர, உள்ளே இறங்காது. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலே விட்டுவிடும். சிமென்ட் இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. அதாவது சூடு இல்லாத வெல்டிங். 1975 முதல் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தை வைத்திருக்கும் திருச்சிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

காக்பிட் மூடிக்கு மட்டும் பெவிகாலைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அங்கே பெவிக்விக் வைத்தால் அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். பிளம்பர் வைத்திருக்கும் பிவிசி சொல்யூஷன் பக்கமே போகாதீர்கள். அதன் வீரியத்துக்குச் சின்ன பாகங்கள் உருக்குலைந்துபோகும்.

கேள்வி: கிட்டின் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கும்போது பாகத்தில் வெள்ளைத் தழும்பு விழுகிறதே?
- கல்லூரி மாணவி, ஸ்ரீரங்கம்

பதில்: ஒரே வெட்டில் எடுக்கிறீர்கள். இரண்டு வெட்டாக எடுங்கள். முதலில் பாகத்தை விட்டு 2 மி.மீ. தள்ளி வெட்டிச் சட்டத்திலிருந்து பிரியுங்கள். மிச்சக் கட்டையைக் கூரான கத்தியால் மெல்லச் சீவுங்கள். கடைசிப் பிசிறு அரத்துக்கு. தழும்பு என்பது பிளாஸ்டிக் இழுபட்ட அடையாளம். இழுக்காமல் சீவினால் வராது.

கேள்வி: எத்தனாம் நம்பர் உப்புத்தாள் வாங்குவது?
- ஓய்வு பெற்ற ஃபிட்டர், பொன்மலை

பதில்: நீங்கள் கேட்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். மேடு பெரிதாக இருந்தால் 400, பிறகு 600, 800, 1000. நடுவில் ஒன்றைத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு நம்பரும் செய்வது, முந்தைய நம்பர் போட்ட கீறலை அழிக்கிற வேலை. 400லிருந்து 1000க்குத் தாவினால் ஆழமான கீறல்கள் அப்படியே தங்கி, பெயின்டுக்கு அடியிலிருந்து எட்டிப்பார்க்கும். செயற்கை வைரக்கல்லைப் பட்டை தீட்டிப் பேர் வாங்கிய மாவட்டம் இது. அந்தத் தொழிலாளிகளும் இதையேதான் சொல்வார்கள்.

தாளை விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள். விரலின் மென்மை இணைப்பில் குழி பறிக்கும். சமமான பரப்புக்கு ஐஸ் குச்சியில் ஒட்டிக்கொள்ளுங்கள். உருண்ட உடலுக்கு மெல்லிய பட்டையாக வெட்டி, ஷூவைத் துணியால் பளபளப்பாக்குவதுபோல் குறுக்கே இழுங்கள். தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். தாள் அடைபடாது, தூசி மூக்கில் ஏறாது. பேனல் கோடுகளில் சேரும் பால் போன்ற குழம்பை, காய்வதற்குள் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

முடிந்துவிட்டதா என்று தெரிய, நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். துளி தட்டினாலும் படி இருக்கிறது என்று அர்த்தம். கண் ஏமாறும், நகம் ஏமாறாது.

கேள்வி: டிங்கரிங் பட்டறையில் கொஞ்சம் கார் பட்டி வாங்கி இடைவெளியை அடைக்கலாமா?
- வாசகர், தில்லைநகர்

பதில்: அடைக்கலாம், அப்பக் கூடாது. பட்டறையில் கிடைக்கும் என்.சி. பட்டியில் இருக்கும் தின்னர் பாலிஸ்டைரீனைத் தின்னும். மொத்தமாகப் பூசினால் அடியில் பிளாஸ்டிக் இளகும், மேலே பட்டி சுருங்கி வெடிக்கும். மெல்லிசாக ஒரு கை, மறுநாள் இன்னொரு கை. மயிரிழை இடைவெளிக்குப் பெவிக்விக்கே போதும். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். விட்டால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுற்றியுள்ள உடல் தேயும், அது மட்டும் நிற்கும்.

நேரம் இருந்தால் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை செய்பவர்களின் கையைப் பாருங்கள். காகிதக்கூழ் உடலை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய பிறகுதான் அங்கே தூரிகை வரும். புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பொம்மையின் முகப் பளபளப்பில் பாதி, வண்ணத்துக்கு முந்தைய வேலை.

கேள்வி: மிக்-21 செய்கிறேன். பழைய வெள்ளி நிறத்தில் அடிக்க ஆசை.
- வாசகர், கே.கே.நகர்

பதில்: நல்ல ஆசை. 1963இல் நம் விமானப்படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம். அதன் ஆரம்ப கால உலோக நிறம் தனி அழகு. ஆனால் பூச்சுகளிலேயே இரக்கமில்லாதது வெள்ளிதான். மட்டான சாம்பல் நிறம் சின்னக் குறையைப் பொறுக்கும். வெள்ளி, 600 போட்ட கீறலைக்கூடப் படம் பிடித்துக் காட்டும். 2000 வரை தேய்த்து, மெல்லிய சாம்பல் பிரைமர் அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தெரிகிற குறையை இப்போதே சரிசெய்யுங்கள். பிரைமர் அடிப்பதே அதைக் கண்டுபிடிக்கத்தான் என்பேன்.

கேள்வி: தஞ்சாவூர் விமானத் தளத்துச் சுகோய்-30 செய்கிறேன். காக்பிட் மூடியின் நடுவே ஒரு கோடு. டிஃபெக்ட் பீஸா?
- வாசகர், திருவெறும்பூர்

பதில்: இல்லை. 2020 ஜனவரியில் தஞ்சையில் செயல்படத் தொடங்கிய 222ஆவது படைப்பிரிவின் விமானத்துக்குப் பக்கவாட்டில் புடைத்த மூடி. அந்தப் புடைப்பை அச்சில் வார்க்க, அச்சை நடுவில் பிரிக்க வேண்டியிருக்கும். பல கிட்களில் அதனால் வரும் கோடுதான் இது. 1000, 2000 தேய்த்து, பாலிஷ் போட்டால் மறையும். நடுவில் கண்ணாடி மங்கிப்போய் வயிற்றைக் கலக்கும். நிறுத்தாமல் தேயுங்கள், தெளிவு திரும்பி வரும்.

கேள்வி: பிரைமர் சீக்கிரம் காய மொட்டை மாடியில் வைக்கலாமா?
- பள்ளி மாணவர், தென்னூர்

பதில்: திருச்சி வெயிலிலா? இறக்கை வளைந்துவிடலாம். மின்விசிறி இருக்கும் அறையிலேயே, தூசி படாமல் மூடி வையுங்கள்.

கேள்வி: என் மகன் விடுமுறை முழுக்க உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். ஒரு மாடலும் முடிந்தபாடில்லை. வீண் செலவுதானே?
- ஒரு தாய், புத்தூர்

பதில்: இல்லை, அம்மா. முடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. மட்டம் வராததை அவன் கண்டுபிடித்துவிட்டான். அதைப் பார்க்கும் கண் சுலபத்தில் வராது. “எப்போது பெயின்ட் அடிப்பாய்?” என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கவாட்டில் வளைத்து வைக்கிற மாதிரி ஒரு மேசை விளக்கும், நல்ல முகக்கவசம் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.