கேளுங்கள், தட்டாதீர்கள்!

(இந்த வாரம்: பூட் ஆகாத கம்ப்யூட்டர்)

கே: நேற்றுவரை நன்றாக ஓடிய சிஸ்டம் இன்று பூட் ஆகவில்லை. மகள் கல்யாண போட்டோ எல்லாம் போச்சா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ப: கல்யாணம் நடந்தது நடந்ததுதான் சார். போட்டோவும் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். படுத்துவிட்டது விண்டோஸாக இருக்கலாம், ஒரு ரேமாக இருக்கலாம். படங்கள் ஹார்ட் டிஸ்கில் தம் பாட்டுக்குக் கிடக்கும். பூட்டு திறக்கவில்லை என்று யாராவது வீட்டை இடிப்பார்களா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இடிக்கிறோம். அதற்கு ஃபார்மட் என்று பெயர். முதலில் ஃபைலை வெளியே எடுங்கள், ரிப்பேரை அப்புறம் பாருங்கள். இந்த வாரக் கேள்வி அத்தனைக்கும் அடிப்படைப் பதில் இதுதான்.

கே: ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. ஓங்கி ஒரு தட்டு தட்டிப் பார்க்கட்டுமா?
– ஒர்க்‌ஷாப் உரிமையாளர், மதுரை

ப: பழைய டிவியோடு அந்த வைத்தியம் ஒழிந்தது. ஹார்ட் டிஸ்க்கின் வட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. அதன்மேல், தலைமுடியைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. நீங்கள் தட்டினால் அது வட்டை உரசும். அப்போதுதான் ஃபைல் நிஜமாகவே போகும்.

கை துறுதுறுவென்றால் வேறு வேலை தருகிறேன். மானிட்டர் கேபிளைச் சரிபாருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிபியு பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, ‘கிளிக்’ என்று உட்காரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இதில் ஒரு ஃபைலுக்கும் சேதமில்லை. ‘போர்டு வேலை’ என்று பில்லில் வருவது சில சமயம் இந்த ரப்பர் வேலைதான்.

கே: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வருகிறது. டிஸ்க் காலியா?
– கல்லூரி மாணவி, கோவை

ப: அவசரப்பட்டு போஸ்டர் அடிக்காதீர்கள். பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா? பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். அதிலிருந்து பூட் ஆகப் பார்த்து சிஸ்டம் முழித்துக்கொண்டிருக்கும். அப்படியும் வந்தால் பயாஸுக்குள் போங்கள். தேதி பல வருஷம் பின்னால் நின்றால், மதர்போர்டில் காசு மாதிரி உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். 3 வோல்ட் சமாசாரம், ஆனால் அது போனால் எதிலிருந்து பூட் ஆவது என்பதையே சில சிஸ்டம் மறந்துவிடும். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெரியாவிட்டால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

கே: விண்டோஸ் பாதி வந்து, சோக முகம் காட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது!
– வங்கி ஊழியர், திருச்சி

ப: 2024 ஜூலை 19 அன்று உலகமே அந்த முகத்தைப் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தப்பான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்கு. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு? சேஃப் மோடில் நுழைந்து, கோளாறான அந்த ஃபைலை மட்டும் அழிப்பது. அதற்கு ஃபார்மட் தேவைப்படவில்லை.

விண்டோஸ் 10, 11 என்றால், லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானே வரும். அதில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’, சேஃப் மோடு என்று வரிசையாக முயலுங்கள். உங்கள் ஃபைல்களில் இவை கை வைப்பதில்லை.

கே: ‘ஃபார்மட் போட்டாத்தான் சார் ஆகும், டி டிரைவ்ல இருக்கறது போகாது’ என்கிறார் கடைக்காரர்.
– ஜவுளி வியாபாரி, ஈரோடு

ப: அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் நீங்கள் எதைத்தான் டி டிரைவில் வைத்தீர்கள்? டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கின்றன. வால்பேப்பர் தெரியாத அளவுக்கு டெஸ்க்டாப்பில் அடுக்கியதெல்லாம் ஃபார்மட்டில் போய்விடும்.

நண்பரின் கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸை இலவசமாக இறக்கி, ரூஃபஸ் மென்பொருளால் 16 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள் (அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்). அதைச் செருகி ஆன் செய்து, டெல், லெனோவா என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். ‘டிரை உபுண்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்ஸ்டால்’ பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். உங்கள் டிஸ்க் ஃபோல்டர்களோடு தெரியும். வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு, பிறகு கடைக்காரரை ஆசைதீர ஃபார்மட் போடச் சொல்லுங்கள்.

கே: ஏதோ 48 இலக்க எண் கேட்கிறதே?
– ஐடி ஊழியர், சென்னை

ப: ஆதார் எண்ணைப்போல நான்கு மடங்கு! பிட்லாக்கர் பூட்டு அது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லேப்டாப்பைத் தொடங்கியிருந்தால், போனில் அதே அக்கவுன்ட்டுக்குள் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அந்த எண் அங்கே இருக்கும். எண் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறக்க முடியாது.

கே: டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம்.
– இல்லத்தரசி, நெல்லை

ப: உடனே அணையுங்கள், திரும்ப ஆன் செய்யாதீர்கள். செக்டிஸ்க் ஓட்டுவது, மூடியைத் திறப்பது, யாரோ சொன்னார் என்று ஃப்ரீஸரில் வைப்பது எதுவும் வேண்டாம். ஃபைல் முக்கியம் என்றால் நேரே டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் போங்கள். பில் கனமாகத்தான் வரும்.

கே: ‘ரீசெட்’ கொடுக்கும்போது வரும் ‘கீப் மை ஃபைல்ஸ்’ஸை நம்பலாமா?
– குறும்புக்காரர், தஞ்சை

ப: தாராளமாக. பேக்கப் எடுத்துவிட்டு நம்புங்கள்.

கே: இனி இந்தத் தலைவலி வராமலிருக்க?
– பலர்

ப: கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என மூன்று காப்பி வையுங்கள். காப்பி எடுத்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் ரேன்சம்வேர் வைரஸ் அதையும் பூட்டிவிடும். உங்கள் கம்ப்யூட்டர் இப்போது ஓடிக்கொண்டிருந்தால் இன்று ராத்திரியே எடுங்கள். நின்றுபோன பிறகு எடுக்கும் காப்பிக்குத்தான் காசு அதிகம்.