22 பக்கத்துல கத்திரிக்காய் எங்கேப்பா?

இன்னா தம்பி, பீட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் கிளவுட் கிச்சன் போடப் போறியாமே? நல்லா இரு. உக்காந்து சாப்பிட எடமில்லாத ஓட்டலு, பேரு மட்டும் மேகத்துல கீது. போவட்டும், அது உன் காலம். ஜாம்பஜார்ல உனக்குக் காய் போடற மனுசன்கிட்ட 22 பக்கம் அக்ரிமென்ட் நீட்டினியே, அதான் எனக்குப் புரியல. பாவம், அவரு பயந்துபோயி என்கிட்ட தூக்கினு வந்துட்டாரு. "சாமியானாக்காரரே, இந்தப் புள்ள காய் வாங்கப் போவுதா, என் கடையையே எழுதி வாங்கப் போவுதா?"ன்னு கேக்குறாரு.

கண்ணாடியப் போட்டுகினு முழுசாப் பாத்தேன். கத்திரிக்காய் கிலோ எவ்ளோன்னு எங்கயும் இல்ல. காலைல எத்தினி மணிக்கு வந்து சேரணும்னு இல்ல. சொத்தை வந்தா யாரு தலையிலன்னு இல்ல. ஆனா, உன் தொழில் ரகசியத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு மட்டும் மூணு பக்கம். இன்னா ரகசியம்பா? சாம்பார்ல முருங்கைக்காய் போடுறதா?

அப்பால ஒண்ணு பாத்தேன், சிரிப்பு அடங்கல. தகராறு வந்தா டெலவேர் மாநிலச் சட்டப்படி தீத்துக்கணுமாம். டெலவேர் எங்க கீது? அமெரிக்காவுல. அங்க பெரிய பெரிய கம்பெனிங்க பதிவு பண்ணி வெச்சிருக்கு, அதனால அவுங்க பத்திரத்துல அந்த ஊரு பேரு வரும். அழுவிப்போன வெண்டைக்காய்க்குக் கேஸ் போட நீ பிளைட் ஏறுவியா, இல்ல ஜாம்பஜார்க்காரரு ஏறுவாரா? எவனோ எழுதினத நெட்டுல உருவினா இப்படித்தான். படிச்சாவது பாத்தியா நீ?

உன் தோசை மாஸ்டர் பேப்பரும் வந்துச்சு. வேலைய விட்டுப் போனா ரெண்டு வருசம் வேற எங்கயும் தோசை ஊத்தக் கூடாதாம். தம்பி, நம்ம ஒப்பந்தச் சட்டம் 1872-ல வந்தது. அதுல 27-வது பிரிவுன்னு ஒண்ணு கீது. ஒருத்தன் பொழப்பத் தடுக்குற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாதுன்னு சொல்லுது. உன்கிட்ட வேலைல இருக்கும்போது உனக்கு மட்டும் உழைன்னு கேளு, நியாயம். போனப்பறமும் அவன் கரண்டியப் புடிச்சுகினு தொங்கலாமா?

ஒரு நாள் லேட்டானா அஞ்சு லட்சம் அபராதம்னு வேற போட்டிருக்க. பெரிய ஜமீன்தாரு! அதே சட்டத்துல 74-வது பிரிவு பாரு. நீ இன்னா தொகை எழுதினாலும் அதுதான் உச்சவரம்பு. அதுக்குள்ள நியாயமான நஷ்டஈடு எவ்ளோன்னு கோர்ட்டுதான் முடிவு பண்ணும். நாங்க வாடகைக்கு சேர், அண்டா, குண்டான் குடுத்த காலத்துல ஆர்டர் நோட்டு ஒண்ணு இருந்துச்சு. தேதி, எடம், எத்தினி சேரு, அட்வான்ஸ் எவ்ளோ, திருப்பி எப்ப, சேரு ஒடைஞ்சா எவ்ளோ, கரண்டி தொலைஞ்சா எவ்ளோ. கீழ கல்யாண வீட்டுக்காரரு கையெழுத்து. அந்த வெலை கடைல புதுசு வாங்குற வெலைதான், அஞ்சு லட்சம் இல்ல. அதனாலயே யாரும் வாதாடாம எண்ணி வெச்சாங்க. அந்த நோட்டும் ஒப்பந்தம்தாம்பா. வேற இன்னா வேணும்?

வாயால பேசினாலே ஒப்பந்தம்தான்னு 1872 சட்டம் ஒத்துக்குது. மனசார சம்மதிச்சிருக்கணும், வயசு வந்தவங்களா இருக்கணும், பதிலுக்கு ஒண்ணு கைமாறணும், காரியம் சட்டத்துக்கு உட்பட்டு இருக்கணும். தமிழ்ல எழுதினா செல்லுமான்னு கேக்குறியே, இங்கிலீசுலதான் எழுதணும்னு எந்தச் சட்டத்துல கீது? எழுதினது ரெண்டு பேருக்கும் புரியணும், அவ்ளோதான். ஆனா வாய்ப்பேச்சு செல்லும்னு சொம்மா இருந்துடாத. பேசினோம்னு நிரூபிக்கறதுதான் பேஜாரு. எழுதாக் கடனுக்கு அழுதா தீருமா?

சின்னப் பேப்பரோட தெம்பு தெரியணும்னா நம்ம மெட்ராஸ் ஐகோர்ட் கதை ஒண்ணு கேளு. ரொம்பப் பழைய கேசு, சின்னய்யா – ராமய்யான்னு சட்டம் படிக்கிற புள்ளைங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு வயசான அம்மா சொத்த மகளுக்கு எழுதி வெச்சாங்க. தன் கூடப் பொறந்தவங்களுக்கு வருசா வருசம் இவ்ளோ பணம் குடுக்கணும்னு ஒரு நிபந்தனை. அதே நாள்ல மகளும் "குடுக்கறேன்"னு அவுங்களுக்குத் தனியா ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. அப்பால ஜகா வாங்கிட்டாங்க. "அவுங்க எனக்கு ஒண்ணும் குடுக்கலையே, நான் ஏன் குடுக்கணும்?"னு வாதம். கோர்ட்டு கேக்கல. சொத்து அம்மாகிட்டருந்து வந்துச்சு, வாக்கு நீ குடுத்த, கட்டுன்னுட்டாங்க. யாரு, யாருக்கு, எவ்ளோ, எப்பன்னு அந்தச் சீட்டு பேசுச்சு. உன் 22 பக்கம் பேசுமா?

சரி, அதெல்லாம் விடு. எனக்கு வவுத்தெரிச்சலே வேற. காய்க்காரர்கிட்ட இம்மாம் பிலிம் காட்டுன ஆளு, ஒரு பெரிய கம்பெனிக்கு மதியச் சாப்பாடு போட அவுங்க அனுப்பின பேப்பர்ல படிக்காமலே கையெழுத்துப் போடப் பாத்தியாமே? "பெரிய எடம், தப்பா எழுத மாட்டாங்க"ன்னு சொன்னியாமே? அடேயப்பா! அதுல பில்லு குடுத்து 90 நாள் கழிச்சுதான் காசுன்னு போட்டிருக்கே, பாத்தியா? 90 நாள் அரிசிக்கார செட்டியார் உன்ன சொம்மா உடுவாரா?

யாரு உனக்குக் காசு பாக்கி வெப்பாங்களோ, அங்கதாம்பா பத்திரம் உஷாரா இருக்கணும். காய்க்காரர் உனக்குப் பாக்கி வெக்கமாட்டார், நீதான் அவருக்கு வெப்ப. இளைச்சவன்கிட்ட வக்கீலு, கொழுத்தவன்கிட்ட கும்பிடா?

2006-ல குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்குன்னு ஒரு சட்டம் போட்டாங்க. குறு, சிறு தொழில்காரன்கிட்ட சரக்கோ சேவையோ வாங்கினா, எழுத்துல இன்னா போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது. எழுத்தே இல்லைன்னா 15 நாளு. அதுக்கு மேல போனா ரிசர்வ் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. இதுக்கு நீ உத்யம்ங்கற அரசாங்க வெப்சைட்டுல பதிவு பண்ணி வெச்சிருக்கணும். காசு செலவில்ல. ஆதார வெச்சு நீயே பண்ணிக்கலாம். லோகோ போட மட்டும் ஆள் புடிச்சு காசு குடுத்தியே, இத பண்ணியா?

கூட்டாளி கதைக்கு வரேன். நீ எட்டு லட்சம், உன் ஃபிரெண்டு ரெண்டு லட்சம், ஒண்ணும் எழுதிக்கல. "நட்புக்குள்ள எதுக்கு மாமா பேப்பரு?" வாய்ப்பந்தல் போட்டா நெழலு வருமா? பந்தக்காரன் கேக்குறேன். வேற மாதிரி பேசிக்கலைன்னா லாபமும் சரி பாதி, நஷ்டமும் சரி பாதின்னு 1932 கூட்டாண்மைச் சட்டம் சொல்லுது. எட்டு லட்சத்துக்கும் பாதி, ரெண்டு லட்சத்துக்கும் பாதி. அதுவுமில்லாம, பதிவு பண்ணாத கூட்டுக்கடை, பாக்கி வெச்சவன் மேல ஒப்பந்தத்த வெச்சு கேஸ் போட முடியாது. அவன் உங்க மேல போடலாம். நல்லா இருக்கா நியாயம்?

கடை வாடகைக்கு 11 மாசம்னு எழுதிட்டா பதிவே வேணாம்னு புரோக்கர் சொல்லியிருப்பான். அது பழைய கதை. 2019 பிப்ரவரிலருந்து நம்ம மாநிலத்துல புது வாடகைச் சட்டம் நடப்புல கீது. எத்தினி மாசமா இருந்தாலும் எழுதணும், வாடகை அதிகாரிகிட்ட பதியணும். அட்வான்ஸ் எப்ப திரும்பும், வெள்ளையடிக்க எவ்ளோ கழிப்பாங்கன்னு மொதல்லயே எழுதிக்கோ. ராயப்பேட்டைல சாவியக் குடுத்தப்பறம் அட்வான்ஸுக்கு நடந்து செருப்பு தேஞ்சவங்க எத்தினி பேரு!

முத்திரைத்தாளு இருபது ரூபா இல்ல இப்ப, சாதாரண ஒப்பந்தத்துக்கு 200 ஆக்கிட்டாங்க. மிச்சம் புடிக்கிறேன்னு வெள்ளைத்தாள்ல எழுதாத. கோர்ட்டுல சாட்சியாக் காட்டணும்னா கட்டாம விட்ட தீர்வையும் கட்டணும், பத்து மடங்கு வரைக்கும் அபராதமும் கட்டணும்.

மெயில்ல, வாட்ஸப்புல பேசினதும் சும்மா இல்லப்பா. 2010-ல டிரைமெக்ஸ் – வேதாந்தா கேசுல, முறையான பத்திரம் கையெழுத்தாவலைன்னாலும் மெயில்லயே ஒப்பந்தம் முடிஞ்சு போச்சுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. அதனால ராத்திரி தூக்கக் கலக்கத்துல கட்டைவெரல் பொம்மை போடாத. போனு மாத்தும்போது பழசயெல்லாம் அழிச்சுட்டும் நிக்காத. காசு வரவேண்டிய நாள்லருந்து மூணு வருசத்துக்குள்ள கேஸ் போடணும், அதுவரைக்குமாவது வெச்சிரு.

பெரிய தொகைன்னா வக்கீலப் பாரு. நான் வேணாம்னு சொல்லல. ஆனா அவருகிட்ட போறதுக்கு முன்னாடி, சண்டை வந்தா இன்னா பண்ணணும்னு நீ யோசிச்சுகினு போ. அத அவரு யோசிக்க முடியாது, உன் அடுப்ப அவரு பாத்ததில்ல.

நாளைக்குக் காலைல ஜாம்பஜாருக்குப் போயி ஒரு பக்கம் தமிழ்ல எழுது. அவருக்குப் படிச்சுக் காட்டு. அவரு கேக்குற கேள்விக்கு உன்னால பதில் சொல்ல முடியாத வரிய அடிச்சுடு. அப்பால அந்தக் கம்பெனிக்கு "45 நாளுக்கு மேல முடியாது, மாத்தி அனுப்புங்க"ன்னு ஒரு மெயில் போடு. மொத கேரியர் கெளம்பறதுக்கு முன்னாடியே போடு.