ஈரலுக்கும் வாயுண்டு

கேள்வி (ஒக்கலிபுரம் வாசகி): கல்லீரல் செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளுமாமே! எந்த வாயால்?

பதில்: கனெக்சின் என்ற புரதத்தால். ஆறு கனெக்சின் வட்டம் கட்டினால் பாதிக் குழாய். பக்கத்துச் செல்லும் ஒரு பாதி போட்டால் முழுக் குழாய். ஒண்டுக்குடித்தனத்து நடுச்சுவரில் ஓட்டை போட்ட மாதிரி. உங்களுக்கு அந்த வழியே குழம்பு வாசம் வரும். ஈரலுக்குக் கால்சியம் வரும்.

கேள்வி (ஸ்ரீராமபுரம் வாசகர்): கால்சியம் எலும்புக்குத்தானே சார்?

பதில்: எலும்பில் சரக்கு, ஈரலில் சேதி! ஒரு செல்லில் கால்சியம் ஏறினால் அடுத்தடுத்த செல்லிலும் ஏறி அலையாக ஓடும். பித்தநீர் சுரப்பதிலும் சர்க்கரை அவிழ்வதிலும் அந்த அலைக்குப் பங்குண்டு.

கேள்வி (மல்லேஸ்வரம் வாசகர்): ராத்திரி பட்டினி கிடந்தாலும் காலையில் நடமாட முடிகிறதே, எப்படி?

பதில்: கணையம் குளுக்ககானை அனுப்பும். அது ஈரல் செல்லின் வாசலைத் தாண்டாது. உள்ளே சேதி சொல்லிச் சர்க்கரையைக் கிளப்புவது சைக்ளிக் ஏஎம்பி. அமெரிக்கர் எர்ல் சதர்லேண்ட் அதைக் கண்டது அரைத்த ஈரலில்தான். 1971இல் நோபல் பரிசு. அரைத்ததற்குப் பலன்!

கேள்வி (கலாசிபாளையம் வாசகர்): நம்ம பெங்களூரிலேயே ஈரலை அச்சடித்தார்களாமே?

பதில்: 2015இல், பாண்டோரம் டெக்னாலஜீஸ். நம்மூர் டாடா இன்ஸ்டிடியூட்டில் ஆராய்ச்சி செய்தவர்கள் தொடங்கியது. முழு ஈரல் இல்லை, சின்னத் திசு; மருந்துகளைச் சோதிக்க உதவும். ஈரல் செல்லைத் தட்டையான தட்டில் வளர்த்தால் சில நாளில் தன் தொழிலையே மறந்துவிடும். அக்கம்பக்கம் இருந்தால்தான் அது ஈரல்.

கேள்வி (அல்சூர் வாசகி): தம்பிக்கு ஈரலில் பாதியைக் கொடுத்தால் மறுபடி வளருமாம். நிறுத்தத் தெரியுமா அதற்கு?

பதில்: தெரியும் தாயே. ஈரலின் காவல்காரக் குப்ஃபர் செல் இன்டர்லூகின்-6 என்று குரல் கொடுக்கும், பக்கத்து நட்சத்திர செல் ஹெச்ஜிஎஃப் என்ற வளர்ச்சிச் சேதி அனுப்பும், ஈரல் பெருகும். உடம்புக்கு வேண்டிய அளவு வந்ததும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற சேதிகள் ‘போதும்’ என்னும். சோறும் அந்தச் சேதியும்தான் ‘போதும்’ சொல்ல வைக்கும்.

கேள்வி (சிவாஜிநகர் வாசகர்): தினமும் ஒரே ஒரு குவாட்டர். ஈரல் பொறுக்காதா அண்ணே?

பதில்: பொறுக்கும், மறக்காது. சாராயம் குப்ஃபர் செல்லைச் சீண்டும். அது கூச்சல் போடும். வைட்டமின் ஏ சேர்த்துவைக்கும் நட்சத்திர செல் அந்த வேலையை விட்டுவிட்டு நாராகச் சுரந்து தள்ளும். தழும்பு ஏறிய இடத்தில் பேச்சு அறும். பெயர் சிரோசிஸ். நீங்கள் ‘போதும்’ சொல்லுங்கள் தம்பி, இன்றைக்கே.

கேள்வி (அதே வாசகர்): கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் சரியாகாதா?

பதில்: ஹெபடைடிஸ் பி கிருமி தாங்கியவர்களுக்குப் பலன் தெரிந்ததாக 1988இல் சென்னையின் தியாகராஜன் குழு ‘லான்செட்’ இதழில் எழுதியது. கூட எழுதியவர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த புளும்பெர்க். பிறகு வேறு இடங்களில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. குவாட்டருக்கு மாற்று கீழாநெல்லி கிடையாது, தண்ணீர்.

கேள்வி (ஒக்கலிபுரம் வாசகர்): இவ்வளவு பேசுகிற ஈரல், கெட்டால் மட்டும் நம்மிடம் ஏன் சொல்வதில்லை?

பதில்: வலி நரம்பு அதன் மேலுறையில்தான், உள்ளே கிடையாது. நாம்தான் போய் விசாரிக்க வேண்டும், ஒரு ரத்தப் பரிசோதனையில். கெடும்முன்பே காக்க, வீட்டில் குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. அரசு மருத்துவமனையில் இலவசம். மறக்காமல் கேட்டுப் போட்டுவிடுங்கள்.