கோல்ஃப் மட்டைப் பூண்: ஒரு முன்னோடி ஆய்வு

உலக்கைக்குப் பூண் உண்டு, கைத்தடிக்கு உண்டு, யானைத் தந்தத்துக்கும் உண்டு. கோல்ஃப் மட்டைக்கும் உண்டு என்பதைத் தமிழாய்வுலகம் ஏனோ கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம், எங்கள் வீட்டு பால்கனி. ஆய்வுப்பொருள், தண்டு மாற்றப்பட்ட ஏழாம் எண் அயர்ன் ஒன்று. புறத்தேர்வாளர் என் மனைவி, மதிப்பூதியம் கிடையாது.

மட்டையின் இரும்புத் தலைக்கு மேலே குழாய் போல ஒரு கழுத்து உண்டு. ஹோசல் என்பார்கள். தண்டு அதற்குள் இறங்கி எபாக்ஸிப் பசையின் தயவில் நிற்கிறது. கழுத்து தடிமன், தண்டு ஒல்லி; ஆகவே இரண்டும் சேருமிடத்தில் ஒரு படி துருத்தும். அந்தப் படியை மறைத்துச் சரிவாக்கும் சின்ன பிளாஸ்டிக் வளையம்தான் ஃபெரூல், அதாவது நம் பூண்.

இதன் பணி குறித்து அறிஞரிடையே இரண்டு கட்சி. கிராஃபைட் தண்டைக் கழுத்தின் விளிம்பு அறுத்துவிடாமல் காக்கிறது என்பது ஒன்று. வெறும் அழகுக்குத்தான் என்பது மற்றொன்று. எஃகுத் தண்டுத் தொகுதியில் முதல் கட்சிக்கு டெபாசிட்கூடத் தேறாது. உலக்கைப் பூண் கழன்றால் மரம் பிளக்கும். மட்டைப் பூண் கழன்றால் ஒன்றும் ஆகாது. பந்து வழக்கமான குளத்திலேயே விழும்.

பூணின் மூதாதை வேலை செய்து பிழைத்தது என்பது என் கருதுகோள். ஹிக்கரி மரத்தண்டுக் காலத்தில், மரத்தலை மட்டைகளின் சேர்மானத்தை நூலால் இறுகச் சுற்றிக் கட்டினார்கள். கட்டு தளர்ந்தால் தலை ஆடும். 1929-ல் கோல்ஃப் விதிகளை வகுத்துவந்த, செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ கழகம் எஃகுத் தண்டுக்கு அனுமதி தந்தது. அதன்பின் நூலின் உத்தியோகம் மெல்ல மெல்லப் போயிற்று. அந்த நாற்காலியில் இன்று பூண் உட்கார்ந்திருக்கிறது, கோப்பு எதையும் பார்க்காமல்.

சொற்பிறப்பு இன்னும் சுவையானது. இலத்தீனில் 'விரியோலா' என்றால் சின்ன வளையல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, இரும்பைக் குறிக்கும் 'ஃபெரம்' என்ற சொல்லின் சாயல் அதில் ஒட்டிக்கொண்டது. தமிழிலோ பூண் என்றாலே அணிகலன். ஆக, இரண்டு மொழிகளும் நகைக்கடை வாசலில் சந்திக்கின்றன. இன்றைய பூணுக்குப் பெயரில்தான் இரும்பு. உடம்பு செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட், மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குப் பங்காளி முறை.

இனி செய்முறை. தண்டைக் கழற்ற ஹீட் கன்னைக் காட்டினால் பசை இளகும். பழைய பூண் உருகிப் பல்லிளிக்கும். சீவி எறிய வேண்டியதுதான். எப்படியும் புதிது வாங்கவேண்டும் என்று ஆன பிறகு, வெறும் கறுப்பு எதற்கு, சிவப்பும் வெள்ளையும் வளையமிட்டது இருக்கிறதே என்று புத்தி போகிறது. நோய் தொற்றுவது இந்த இடத்தில்தான்.

அயர்ன் தண்டின் முனை இரண்டு அளவில் வரும்: 0.355 அங்குலம், 0.370 அங்குலம். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதெல்லாம் ஒரு வித்தியாசமா என்று 0.370 தண்டுக்கு 0.355 பூணை வாங்கி அழுத்தினேன். 'டிக்' என்றது. முதல் தரவு இழப்பு.

இரண்டாவது சரியான அளவு. முனையை உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸி தடவி, பூணை நுழைத்து, தலையைச் செருகினேன். பிடிப்பக்கத்தைத் தரையில் தட்டத் தட்டத் தலை இறங்கியது. பூண் தானே நகர்ந்து இடம் கொடுத்தது. 24 மணி நேரம் தொடவில்லை. பிறகு கழுத்துக்கு டேப் சுற்றிப் பிதுங்கிய விளிம்பை இழைத்தேன். இழைத்த இடம் சாம்பல் பூத்தாற்போல் மங்கிவிடும். பளபளப்பு வர அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் புட்டியில் இருப்பதும் அதுதானே.

டிஷ்யூ தாளை நனைத்து, பூணைச் சுற்றிப் பிடித்து, மட்டையை ஒரே சீராக உருட்ட வேண்டும். அசிட்டோன் மேற்பரப்பை லேசாகக் கரைக்கிறது. கரைந்தது மட்டமாகி மினுங்குகிறது. முதல் சுற்றில் மினுமினுப்பு வந்தது. இரண்டாவது சுற்றில் நின்றிருக்கலாம். ஆசை யாரை விட்டது? மூன்றாவது சுற்றில் சிவப்பு, வெள்ளைக்குள் நூலாகக் கசிந்தது.



அப்போதுதான் புறத்தேர்வாளர் நகப்பூச்சு அழிக்கும் தம் புட்டியைத் தேடிக்கொண்டு பால்கனிக்கு வந்தார். மட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இலத்தீன் படித்தவர் அல்லர்.

"என்னங்க இது, வளையல் போட்டுவிட்டிருக்கீங்க?"

பையில் கிடந்த மற்ற ஆறு அயர்ன்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இதுங்க மட்டும் ஏன் மூளியா நிக்குது?"